மூளைப் பாலத்தில் ஒரு கட்டி: டி.ஐ.பி.ஜி. நோயும் அதன் ஆய்வுக்கு வழிதிறந்த பெற்றோரும்

பெருமூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டின் நடுப்பகுதிக்கு பான்ஸ் என்று பெயர். லத்தீனில் அதற்குப் பாலம் என்று பொருள். நடுமூளைக்குக் கீழே, முகுளத்துக்கு மேலே, சிறுமூளைக்கு முன்னால், ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளத்தில் புடைத்து நிற்கிறது இது. கைகால்களை அசைக்கும் கட்டளைகள் இதன் வழியாகத்தான் இறங்குகின்றன. கண்ணை வெளிப்புறம் திருப்பும் நரம்பு, முகத்தசைகளை இயக்கும் நரம்பு, மெல்லுவதற்கும் முகத்தின் தொடுவுணர்வுக்குமான நரம்பு ஆகியவை இங்கிருந்து புறப்படுகின்றன. மூச்சின் சீரிலும் இதற்குப் பங்குண்டு. குழந்தைகளைத் தாக்கும் புற்றுநோய்களில் மிகக் கொடியதொன்று இந்த இரண்டரை சென்டிமீட்டருக்குள் முளைக்கிறது.

அதன் முழுப்பெயர் டிஃப்யூஸ் இன்ட்ரின்சிக் பான்டைன் கிளையோமா. மருத்துவர்களும் பெற்றோரும் டி.ஐ.பி.ஜி. என்றே சொல்கிறார்கள். பெயரின் ஒவ்வொரு சொல்லும் நோயின் ஒரு தன்மையைச் சொல்கிறது. கிளையோமா என்பது நரம்புச் செல்களுக்குத் துணைநிற்கும் கிளையல் செல்களின் வழியில் எழும் கட்டி. பான்டைன், அது தோன்றும் இடம். வெளியிலிருந்து வந்து அழுத்தாமல் பான்ஸின் உள்ளிருந்தே வளர்வதால் இன்ட்ரின்சிக். டிஃப்யூஸ் என்பதுதான் எல்லாவற்றிலும் கொடுமையான சொல்: இந்தக் கட்டிக்கு விளிம்பு கிடையாது. நல்ல நரம்பிழைகளுக்கு இடையே புற்றுச்செல்கள் ஊடுருவிக் கிடக்கின்றன. பிசைந்த மாவிலிருந்து உப்பைப் பிரிக்க முடியாதது போல, எந்த அறுவை மருத்துவராலும் இதைத் தனியே வெட்டியெடுக்க முடியாது.

இந்த நோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் வருகிறது. ஆறு, ஏழு வயதில் மிகுதி. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 200 முதல் 300 குழந்தைகளிடம் கண்டறியப்படுகிறது. அறிகுறிகள் சில வாரங்களுக்குள், சில வேளை சில நாள்களுக்குள் கூடிவிடுகின்றன. கருவிழி ஒன்று மூக்கை நோக்கி ஒதுங்கி மாறுகண் தோன்றும், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும், சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணும், ஓடித்திரிந்த குழந்தை தள்ளாடி விழும், பேச்சு குழறும், தண்ணீர் குடித்தால் புரையேறும். மாறுகண் அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கை தமிழர்களிடையே பரவலாக உண்டு. மாறுகண்ணுக்குப் பெரும்பாலும் மூளைக்கட்டி காரணமில்லைதான். ஆனாலும் நேற்றுவரை நேராகப் பார்த்த குழந்தைக்குத் திடீரென்று மாறுகண் வந்தால் உடனே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பான்ஸ் வீங்கிப் பெருத்திருப்பது தெரிந்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி எங்கும் ஒன்றுதான்: நாங்கள் என்ன தவறு செய்தோம்? இதற்கு விடை தெளிவானது. கொடுத்த உணவோ, கையில் கொடுத்த செல்பேசியோ, விளையாட்டில் விழுந்த அடியோ இந்தக் கட்டியை உண்டாக்குவதில்லை. விழுந்ததால் கட்டி வருவதில்லை. கட்டி இருப்பதால்தான் குழந்தை விழுகிறது. நோய்க்குக் காரணமான மரபணுப் பிறழ்வு, வளரும் மூளையின் ஏதோ ஒரு செல்லில் புதிதாக நேர்வது. தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வருவதில்லை. ஆகவே உடன்பிறந்தவர்களுக்கும் இது வந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. இந்த விடையை முதல் நாளிலேயே, பெற்றோர் கேட்காவிட்டாலும், மருத்துவர் சொல்லிவிட வேண்டும். சொல்லப்படாத வீடுகளில் குற்றவுணர்வு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது.

நிலவில் முதலில் கால்வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்கின் மகளுக்கு வந்ததும் பான்ஸில் எழுந்த கட்டிதான். 1961 கோடையில், இரண்டு வயதில், பூங்காவில் தடுக்கி விழுந்த பிறகே பெற்றோர் கண்ணில் மாற்றத்தைக் கவனித்தனர். எக்ஸ்-கதிர் சிகிச்சையால் சில மாதங்கள் தேறினாள். கட்டி மீண்டும் வளர்ந்தபோது கொடுத்த கோபால்ட் சிகிச்சையை அந்தச் சிறு உடல் தாங்கவில்லை. 1962 ஜனவரி 28 அன்று, பெற்றோரின் மணநாளில், அவள் இறந்தாள். அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த சிகிச்சையும் இன்றைக்கு ஒரு குழந்தைக்கு முதலில் கிடைக்கும் சிகிச்சையும் அடிப்படையில் ஒன்றே என்பது அறுபது ஆண்டுக்கால மருத்துவத்துக்குப் பெருமை தருவதன்று.

அந்தச் சிகிச்சை கதிர்வீச்சு. வழக்கமான அளவு 54 கிரே. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரங்களில், 30 தவணைகளாகக் கொடுக்கிறார்கள். கட்டி சுருங்கும், கோணிய முகம் நேராகும், நடை திரும்பும். மருத்துவர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்று சொல்வதுண்டு. பெற்றோருக்கு இந்தப் பெயர் வலிக்கிறது. சில மாதங்களுக்குப் பிறகு கட்டி திரும்புகிறது. இரத்தப் புற்றுநோயை வென்ற கீமோ மருந்துகள் ஒவ்வொன்றாக இங்கே சோதிக்கப்பட்டுத் தோற்றன. மூளைக்குள் அந்நியப் பொருள் புகாமல் காக்கும் இரத்த-மூளைத் தடுப்பு, மற்றப் பல மூளைக்கட்டிகளில் சிதைந்துபோகிறது. இந்தக் கட்டியில் பெருமளவு சிதையாமல் நின்று மருந்தையும் தடுத்துவிடுவது தோல்விக்கு ஒரு காரணம். அமெரிக்கா, ஐரோப்பா முதலிய இடங்களைச் சேர்ந்த 1,008 நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான கட்டுரையின்படி, நோய் கண்டபின் வாழும் காலத்தின் இடைநிலை அளவு 11 மாதம். இரண்டு ஆண்டு கடந்து வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய 10 விழுக்காடு. ஐந்து ஆண்டு கடந்தவர்கள் 2 விழுக்காடு. வளர்ந்த நாடுகளில் லிம்ஃபோபிளாஸ்டிக் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கும் காலத்தில் இந்த எண்கள் இப்படி நிற்கின்றன.

இந்தப் பதினொரு மாதம் ஒரு குடும்பத்துக்கு என்னவாக இருக்கிறது என்பதையும் மருத்துவம் மெல்லத்தான் கற்றுக்கொண்டது. கதிர்வீச்சின்போது தலை ஒரு மில்லிமீட்டர்கூட அசையக்கூடாது. அதற்காக, வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் வலையை முகத்தில் படியவைத்து முகமூடி செய்கிறார்கள். அதை மேசையோடு பூட்டிவிடுவார்கள். கதிர் பாயும் சில நிமிடங்கள் அறையில் குழந்தை மட்டும் தனியே இருக்க வேண்டும். நான்கு வயதுக் குழந்தைக்கு இது முடியாத காரியம் என்பதால், தினமும் மயக்க மருந்து கொடுக்க நேர்கிறது. அதாவது முப்பது நாள் காலையில் பசியோடு அழும் குழந்தைக்கு ஒன்றும் கொடுக்காமல் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வர வேண்டும். நல்ல மையங்களில் இதற்கென்று விளையாட்டுப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பொம்மைக்கு முகமூடி மாட்டிப் பார்க்கவைப்பார்கள்; குழந்தையின் முகமூடியில் அதற்குப் பிடித்த பாத்திரத்தின் முகத்தை வரைவார்கள்; அம்மாவின் குரலை ஒலிபெருக்கி வழியே கதை சொல்லவைப்பார்கள். மயக்க மருந்து இல்லாமலேயே பல குழந்தைகள் படுத்துவிடுகிறார்கள். இதற்கான செலவு மிகச் சிறிது. தினசரிப் பட்டினியும் மயக்கமும் மிச்சம்.

டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இன்னொரு சோதனை. பான்ஸின் வீக்கத்தைக் குறைக்க அதைவிட விரைவான மருந்து இல்லை. ஆனால் அதை எடுத்துக்கொள்ளும் குழந்தைக்கு நள்ளிரவில் தாங்கமுடியாத பசி எடுக்கும், முகம் ஊதும், தூக்கம் கெடும், சாதுவான பிள்ளை காரணமின்றிச் சீறும். இது மருந்தின் வேலை, பிள்ளையின் குணம் மாறிவிடவில்லை என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பெற்றோர் அதைத் தாங்குகிறார்கள். சொல்லப்படாதவர்கள், கடைசி மாதங்களில் பிள்ளையைக் கடிந்துகொண்டதை நினைத்துப் பின்னால் உடைந்துபோகிறார்கள்.

நோய் முற்றும்போது கண்ணும் முகமும் விழுங்கும் திறனும் குரலும் கைகால்களும் ஒவ்வொன்றாகப் போகின்றன. அறிவு போவதில்லை. சிந்திக்கும் பெருமூளையைக் கட்டி பெரும்பாலும் தொடாததால், பேச முடியாத குழந்தைக்குச் சுற்றி நடப்பது எல்லாமே புரிகிறது. ஆகவே குரல் இருக்கும்போதே அடுத்த கட்டத்துக்குத் தயாராக வேண்டும்: வலி, தண்ணீர், பயம், அப்பாவைக் கூப்பிடு என்று படங்கள் ஒட்டிய பலகை; ஒருமுறை கண்சிமிட்டினால் ஆம், இருமுறை என்றால் இல்லை என்ற உடன்பாடு. பேச்சுப் பயிற்சியாளரும் நோய்த்தணிப்பு மருத்துவரும் முதல் மாதத்திலேயே குடும்பத்தோடு பழகியிருந்தால்தான் இது நடக்கும். நோய்த்தணிப்புச் சிகிச்சை என்றாலே கைவிட்டுவிட்டார்கள் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. கட்டிக்கான சிகிச்சை நடக்கும்போதே வலி, வாந்தி, மலச்சிக்கல், மூச்சுத் திணறல், அச்சம் ஆகியவற்றைக் கவனிப்பதும் வீட்டிலிருந்தே கவனித்துக்கொள்ளப் பெற்றோருக்குக் கைப்பழக்கம் தருவதும்தான் அதன் வேலை.

சாவைப் பற்றிக் குழந்தையிடம் பேசலாமா? ஸ்வீடனில், புற்றுநோயால் குழந்தையை இழந்த பெற்றோரிடம் இந்தக் கேள்வி கேட்கப்பட்டு, முடிவு 2004இல் வெளியானது. பிள்ளையிடம் பேசிய 147 பெற்றோரில் ஒருவர்கூட அதற்காக வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர், பேசியிருக்கலாமே என்று வருந்தினர். பிள்ளைக்குத் தன் நிலை தெரிந்துவிட்டது என்று உணர்ந்தும் பேசாமல் இருந்தவர்களிடம் அந்த வருத்தம் கூடுதலாக இருந்தது. மானுடவியலர் மைரா புளூபாண்ட்-லாங்னர் 1970களில் அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் இரத்தப் புற்றுநோய்ப் பிரிவில் குழந்தைகளோடு பழகி எழுதிய நூலும் இதையே காட்டியது: யாரும் சொல்லாமலேயே பிள்ளைகள் அறிந்துகொள்கிறார்கள், பெரியவர்களை வருத்தக்கூடாது என்று அறியாததுபோல் நடந்துகொள்கிறார்கள். வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். தம்பியோடு சண்டை போட்டதால்தான் அவனுக்கு நோய் வந்தது என்று நம்பிக்கொண்டிருக்கும் எட்டு வயது அக்காவிடம், உண்மையை யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

பணத்தைப் பற்றிய பேச்சு இந்த நோயில் கூச்சத்தோடு ஒதுக்கப்படுகிறது. கதிர்வீச்சு மையங்கள் பெருநகரங்களில் இருக்கின்றன. ஆறு வாரம் அங்கே தங்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் வேலையை விட நேர்கிறது. 1974இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லங்கள் மருத்துவமனைக்கு அருகே குடும்பங்களைத் தங்கவைக்கும் முறையை உலகெங்கும் பரப்பின. இந்தியாவில் 2006இல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் இந்தியா சைல்ட்கேர் மையங்கள், சென்னை உட்படப் பல நகரங்களில், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரும் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் இலவசமாக இடம் தருகின்றன. தங்க இடமில்லாததால் பாதியில் ஊர் திரும்பிய குடும்பத்துக்கு எந்தக் கதிர்வீச்சுக் கருவியும் பயன்படாது.

இத்தனை காலமும் ஆய்வு ஏன் நகரவில்லை? புற்றுநோய் ஆய்வுக்கு முதல் தேவை திசு. மார்பகக் கட்டியோ குடல் கட்டியோ வெட்டியெடுக்கப்படும்போது அதன் ஒரு துண்டு ஆய்வகத்துக்குப் போகிறது. பான்ஸ் கட்டியை வெட்டுவதில்லை. ஊசியால் துளி எடுக்கும் பயாப்ஸியும் மிக ஆபத்தானது என்று கருதப்பட்டது. 1993இல் அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய் ஆய்வுக்குழு ஒன்று, எம்.ஆர்.ஐ. படமே நோயை உறுதிசெய்யப் போதும், பயாப்ஸி தேவையில்லை என்று எழுதியது. குழந்தையைத் தேவையற்ற அபாயத்திலிருந்து காக்கும் நல்லெண்ணம் அதில் இருந்தது. அதன் விளைவாக ஆய்வகங்களில் இந்த நோயின் செல் ஒன்றுகூட இல்லாமல் போயிற்று. பெரியவர்களுக்கு வரும் கிளையோபிளாஸ்டோமாவின் சிறு வடிவமாக இதை எண்ணிக்கொண்டு, பெரியவர்களின் மருந்துகளையே குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

இரண்டு இடங்களில் இந்தக் கதவு திறந்தது. பாரிஸின் நெக்கர் குழந்தைகள் மருத்துவமனையின் நரம்பு அறுவை மருத்துவர்கள், முப்பரிமாண வழிகாட்டலோடு ஊசி செலுத்தி 24 குழந்தைகளிடம் பாதுகாப்பாகத் திசு எடுத்ததை 2007இல் வெளியிட்டனர். மற்றொரு கதவைத் திறந்தவர்கள் பெற்றோர். இறந்தபின் எங்கள் பிள்ளையின் கட்டியை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் நெதர்லாந்திலும் சில குடும்பங்கள் முன்வந்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மிஷெல் மோன்ஜே, 2009இல் அப்படிக் கிடைத்த ஒரு சிறுவனின் திசுவிலிருந்து செல்களை உயிரோடு வளர்த்தெடுத்தார். அதை வைத்துச் செய்த ஆய்வு 2011இல் வெளியானது. இறந்து சில மணி நேரத்துக்குள் எடுத்தால் புற்றுச்செல்கள் வளர்ப்புக் குடுவையில் பிழைத்துக்கொள்கின்றன என்பது உறுதியானது. பிறகு அந்தச் செல்கள் கேட்ட ஆய்வகங்களுக்கெல்லாம் அனுப்பப்பட்டன.

2012 ஜனவரியில், ஒரே மாதத்தில், இரண்டு குழுக்களின் கண்டுபிடிப்புகள் வெளியாயின. மெம்ஃபிஸின் செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆய்வு மருத்துவமனையில் சூசன் பேக்கரும் உடனுழைத்தோரும், மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் நாடா ஜபாடோவின் குழுவும், இத்தகைய குழந்தைக் கட்டிகளில் ஒரே பிறழ்வைக் கண்டனர். அது இருந்த இடம் யாரும் தேடாத இடம்.

ஒரு செல்லின் டி.என்.ஏ.யை நீட்டினால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் வரும். கண்ணுக்குத் தெரியாத உட்கருவுக்குள் அது அடங்க வேண்டுமானால் சுற்றிவைக்க வேண்டும். ஹிஸ்டோன் என்னும் எட்டுப் புரதங்கள் சேர்ந்த நூற்கண்டின்மேல் 147 எழுத்து நீளத்துக்கு டி.என்.ஏ. சுற்றப்படுகிறது, அடுத்து இன்னொரு கண்டு, இப்படிக் கோடிக்கணக்கில். ஒவ்வொரு ஹிஸ்டோனிலிருந்தும் ஒரு வால் வெளியே நீண்டிருக்கும். அந்த வாலில் செல் சிறு வேதிக் குறிகளை ஒட்டுகிறது. எச்3 என்ற ஹிஸ்டோனின் வாலில் 27ஆவது இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதில் மூன்று மெத்தில் தொகுதிகள் ஒட்டப்பட்டால், அந்தப் பகுதி மரபணுக்கள் பூட்டப்பட்டதாகப் பொருள். நரம்புமண்டலம் உருவாகும்போது தேவைப்பட்டு, வேலை முடிந்ததும் மூடப்பட வேண்டிய மரபணுக்கள் இப்படித்தான் பூட்டப்படுகின்றன. பூட்டைப் போடும் நொதித் தொகுதிக்கு பி.ஆர்.சி.2 என்று பெயர்.

டி.ஐ.பி.ஜி. கட்டிகளில் பத்தில் எட்டில், 27ஆவது இடத்தில் லைசினுக்குப் பதில் மெத்தியோனின் உட்கார்ந்திருந்தது. எச்3 கே27எம் என்று இந்தப் பிறழ்வைக் குறிக்கிறார்கள். மனிதருக்கு எச்3 புரதத்தைத் தயாரிக்கும் மரபணுக்கள் பதினைந்துக்குக் குறையாமல் உண்டு. ஒவ்வொன்றுக்கும் இரு பிரதிகள். அவற்றில் ஒரே ஒரு பிரதிதான் கெட்டிருக்கிறது. ஆனால் 2013இல் வெளியான ஆய்வுகள் காட்டியபடி, அந்தக் கெட்ட புரதம் பி.ஆர்.சி.2வையே செயலிழக்கச் செய்துவிடுகிறது. நல்ல ஹிஸ்டோன்களின் மீதும் பூட்டு விழாமல் போகிறது. சிறுவனாக இருக்க வேண்டிய செல் என்றென்றும் சிசுவாகவே நின்று பெருகிக்கொண்டே இருக்கிறது. ஹிஸ்டோனில் ஏற்படும் பிறழ்வு மனிதப் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று முதன்முதலில் தெரிந்தது இந்தக் குழந்தைகளின் திசுவிலிருந்துதான். இது பெரியவர்களின் கட்டியின் சிறு வடிவமன்று, வேறு நோய் என்பதும் தெளிவாயிற்று. உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் மூளைக்கட்டி வகைப்பாட்டைத் திருத்தி, மூளையின் நடுக்கோட்டில் எழும் இத்தகைய கட்டிகளைத் தனி நோயாகச் சேர்த்தது.

2014இல் இன்னொரு வியப்பு. ஏறக்குறைய நான்கில் ஒரு கட்டியில் ஏ.சி.வி.ஆர்.1 என்ற மரபணுவும் பிறழ்ந்திருந்தது. தசைகள் மெல்ல மெல்ல எலும்பாக மாறும் எஃப்.ஓ.பி. என்ற மிக அரிய நோய்க்குக் காரணம் இதே மரபணுவின் இதே வகைப் பிறழ்வுதான் என்று 2006இலேயே கண்டறியப்பட்டிருந்தது. அந்த நோய்க்காக உருவாக்கப்பட்டுவந்த மருந்துகளை இங்கே சோதிக்கலாம் என்ற எண்ணம் அதனால் பிறந்தது. இரண்டும் தொடர்பே இல்லாத இரு சிறு நோயாளிக் கூட்டங்கள். ஒன்றின் ஆய்வு மற்றொன்றுக்குக் கைகொடுத்தது.

நோய் ஏன் இந்த வயதில், இந்த இடத்தில்? நரம்பிழைகளுக்கு மயலின் உறை போடும் செல்களின் முன்னோடிச் செல்கள், பான்ஸின் முன்பகுதியில் ஆறு வயதையொட்டி மிகுதியாகப் பெருகுகின்றன என்று மோன்ஜேயின் 2011 ஆய்வு காட்டியது. கட்டியின் செல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்த 2018 ஆய்வும் அவை அந்த முன்னோடிகளை ஒத்திருப்பதை உறுதிசெய்தது. குழந்தை ஓடவும் எழுதவும் கற்கும் பருவத்தில் மூளை வேகமாக வளர்கிறது. கட்டி அந்த வளர்ச்சியின் பாதையையே பிடித்துக்கொள்கிறது. 2019இல் வெளியான கட்டுரைகள் இதைவிடத் துணுக்குற வைத்தன. நல்ல நரம்புச் செல்கள் புற்றுச்செல்களோடு உண்மையான நரம்பிணைப்புகளை அமைக்கின்றன. நரம்பின் மின்துடிப்பு அவற்றின் வழியே பாய்ந்து கட்டியை வளர்க்கிறது. இதைக் கேட்ட பெற்றோர், பிள்ளை படிக்கவும் விளையாடவும் விடாமல் தடுக்க வேண்டுமோ என்று கலங்கக்கூடும். அப்படி ஒன்றும் தேவையில்லை. தடுக்க வேண்டியது அந்த இணைப்பை, குழந்தையின் வாழ்க்கையை அல்ல.

ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் செல்வரிசைகள் கிடைத்தபின் மருந்துத் தேடல் வேறு தளத்துக்கு நகர்ந்தது. பல நாட்டு ஆய்வகங்கள் தத்தம் செல்வரிசைகளைக் கொண்டுவந்து, 80க்கும் மேற்பட்ட மருந்துகளை அவற்றின் மீது சோதித்தன. 2015இல் வெளியான அந்த ஆய்வில் பனோபினோஸ்டாட் நம்பிக்கை தந்தது. நோயாளிகளிடம் அதன் பக்கவிளைவும், மூளைக்குள் போதுமான அளவு போகாததும் தடையாயின. அடுத்து, இந்தச் செல்களின் மேற்பரப்பில் ஜி.டி.2 என்ற சர்க்கரை-கொழுப்பு மூலக்கூறு செறிந்திருப்பது 2018இல் தெரிந்தது. நோயாளியின் டி-செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களை எடுத்து, ஜி.டி.2வை அடையாளம் காணும்படி மாற்றி, திருப்பிச் செலுத்தும் கார்-டி சிகிச்சையை ஸ்டான்ஃபோர்டு குழு தொடங்கியது. குறுகிய பான்ஸுக்குள் நடக்கும் போரில் வீக்கமே உயிரைப் பறித்துவிடலாம் என்பதால், முதல் நோயாளிகள் தீவிரக் கண்காணிப்பில் வைக்கப்பட்டனர். மூளையின் நீரறைக்குள் நேரடியாகச் செல்களைச் செலுத்தும் முறையும் சேர்க்கப்பட்டது. 2024 நவம்பரில் வெளியான அறிக்கையில் 11 நோயாளிகள். ஒன்பது பேருக்குப் பலன். நால்வருக்குக் கட்டியின் கனஅளவு பாதிக்கு மேல் குறைந்தது. அவர்களில் ஒருவருக்குக் கட்டி முற்றிலும் மறைந்தது. பதினொருவர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் ஐம்பது ஆண்டுக்காலச் சோதனைகளில் எதிலும் இப்படி எழுதப்பட்டதில்லை.

2025 ஆகஸ்டில், எச்3 கே27எம் பிறழ்வுள்ள நடுக்கோட்டுக் கட்டிகளுக்கான முதல் மருந்தாக டோர்டாவிப்ரோனுக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் விரைவு ஒப்புதல் வழங்கியது. ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களில், முந்தைய சிகிச்சைக்குப் பிறகு நோய் வளர்ந்தவர்களுக்கானது அது. ஒப்புதலுக்கு அடிப்படையான 50 நோயாளிகளில் 22 விழுக்காட்டினரிடம் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. பான்ஸில் தோன்றிய கட்டிகள் அந்த ஐம்பதில் சேர்க்கப்படவில்லை. செய்தித் தலைப்பில் இது விடுபட்டுப்போகும். நம்பிக்கையோடு கேட்கும் பெற்றோரிடம் இதையும் சொல்லியாக வேண்டும்.

அரிய நோய்க்கு மருந்து தேட நிறுவனங்கள் தாமாக முதலிடுவதில்லை. அந்த இடத்தைப் பெருமளவு நிரப்பியவர்கள் பிள்ளையை இழந்தவர்களே. அவர்கள் தொடங்கிய அறக்கட்டளைகள் பல சேர்ந்து, 2012இல் சின்சினாட்டியில் பன்னாட்டு டி.ஐ.பி.ஜி. பதிவேட்டுக்குப் பணம் தந்தன. மேலே சொன்ன 1,008 பேரின் ஆய்வுக்கு ஒரு ஊற்று அந்தப் பதிவேடு. பத்து வயதில் இந்த நோயால் இறந்த ஒரு சிறுமியின் பெயரைத் தாங்கிய கேப்ரியெல்லா மில்லர் கிட்ஸ் ஃபர்ஸ்ட் ஆய்வுச் சட்டம் 2014 ஏப்ரலில் அமெரிக்காவில் நிறைவேறியது. அரசியல் கட்சிகளின் மாநாட்டுக்கு அரசு தந்துவந்த நிதியை நிறுத்தி, ஆண்டுக்கு 1.26 கோடி டாலர் வீதம் பத்து ஆண்டுகளுக்குக் குழந்தை நோய் ஆய்வுக்கு ஒதுக்க வழிசெய்தது அது. அந்தப் பணத்தில் திரட்டப்பட்ட மரபணுத் தரவுகள் உலக ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. 2017இல் இயற்றப்பட்டு 2020இல் நடைமுறைக்கு வந்த ரேஸ் சட்டமும் பெற்றோர் போராடிப் பெற்றதே: பெரியவர்களின் புற்றுநோய் மருந்து தாக்கும் அதே இலக்கு குழந்தைக் கட்டியிலும் இருந்தால், நிறுவனம் அதைக் குழந்தைகளிடமும் ஆராய்ந்தாக வேண்டும்.

திசுக் கொடை இன்றும் தேவைப்படுகிறது. பயாப்ஸியில் கிடைப்பது சிகிச்சைக்கு முந்தைய ஒரு துளி. சிகிச்சைக்கு அடங்காமல் கட்டி எப்படி மாறியது, எங்கெல்லாம் பரவியது என்பதை இறந்தபின் எடுக்கும் திசுதான் காட்டும். இதைப் பெற்றோரிடம் எப்போது, யார் கேட்பது என்பதில் மருத்துவர்கள் தயங்குகிறார்கள். அது அவர்களுடைய தயக்கமே. மூளைக்கட்டியால் பிள்ளையை இழந்த பெற்றோரிடம் அமெரிக்காவில் விசாரித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலானோர் கேட்டிருந்தால் சம்மதித்திருப்போம் என்றனர். குழந்தைக்கு நன்கு பழகிய மருத்துவர், நிலைமை கைமீறுவதற்கு முன்பே, அவசரமில்லாத ஒரு நாளில் கேட்பது நல்லது. வேண்டாம் என்றால் சிகிச்சையில் எதுவும் மாறாது என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும். முகம் சிதையாது, இறுதிச் சடங்கு தள்ளிப்போகாது, செலவு குடும்பத்தின் தலையில் விழாது: பெற்றோர் பெரும்பாலும் அறிய விரும்புவது இவற்றைத்தான். அமெரிக்காவின் கிஃப்ட் ஃப்ரம் எ சைல்ட் திட்டத்தை நிறுவியவர்களும் பிள்ளையை இழந்த பெற்றோர்தான். அதன் ஒருங்கிணைப்பாளர்கள், வீட்டில் இறக்கும் குழந்தைக்கும் இந்த ஏற்பாடுகளை முன்னதாகவே செய்து வைக்கிறார்கள். நள்ளிரவில் அழைப்பு வந்தாலும் திசு எடுப்பவர் புறப்படுகிறார். எடுத்ததில் ஒரு பகுதி மரபணு ஆய்வுக்காக உறையவைக்கப்படுகிறது, ஒரு பகுதி நுண்ணோக்கிக்காக ஃபார்மலினில் இடப்படுகிறது, மற்றது ஊட்டநீரில் மிதந்தபடி ஆய்வகத்துக்குப் போகிறது. வளருமா என்பது தெரியச் சில வாரங்கள் ஆகும். வளர்ந்தால், அந்தச் செல்வரிசை சிறு குப்பிகளில் பிரிக்கப்பட்டுத் திரவ நைட்ரஜனில் வைக்கப்படுகிறது. கேட்கும் ஆய்வகங்களுக்கு அங்கிருந்து அனுப்பப்படுகிறது.